தைத்துச் சேர்த்த காதல்

வாடகை நூலகத்தில் கிழிந்துபோன இரண்டு காதல் நாவல்களைத் தைத்த ஆள், ஒன்றின் முன்பாதியோடு இன்னொன்றின் பின்பாதியைச் சேர்த்து அட்டை போட்டுவிட்டான்.

"என் நாயகன் எஸ்டேட் முதலாளி. சந்தேகப்பட்டு நாயகியை அறைந்துவிட்டான்," என்றது முன்பாதி.

"என்னவன் டாக்டர். காலில் விழுந்து மன்னிப்புக் கேட்டுத் தாலி கட்டுகிறான். அறைந்தவன் ஒருத்தன், அழுகிறவன் வேறொருத்தன்! படிக்கிறவர்கள் காறித் துப்பப்போகிறார்கள்," என்றது பின்பாதி.

"துப்பட்டுமே. கவனித்துப் படிக்கிறார்கள் என்றாவது தெரியும்."

ஒற்றுப் பிழைக்கே சிவப்பு வட்டம் போடும் தமிழாசிரியை பிலோமினா அதை எடுத்துப்போனார். ஒரே மூச்சில் படித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். மறுநாள் முகத்தைச் சுளித்தபடி புத்தகத்தை நூலகக்காரரின் மேஜையில் போட்டார். இரண்டு பாதிகளும் ஆவலோடு காத்திருந்தன.

"ஏம்ப்பா, இதை நான் ஏற்கெனவே படிச்சிட்டேனே! இதே மாதிரி வேற ஒண்ணு கொடு."