அணிலின் முதல் வாடிக்கையாளர்கள்

தனியாகக் கிடப்பவர்களை நேரில் சந்திக்க வைக்கும் தொழிலை அணில் ஓர் அத்தி மரத்தடியில் தொடங்கியது. முதலில் வந்தவர்கள் ஆமையும் நத்தையும். இந்தச் சந்திப்பு சரிவராவிட்டால் இனி யாரும் அணிலைத் தேடி வரமாட்டார்கள்.

எதிரெதிரே வந்து நின்றதும் ஆமை வெட்கப்பட்டு ஓட்டுக்குள் போய்விட்டது. அதைப் பார்த்து நத்தையும் தன் ஓட்டுக்குள் போய்விட்டது.

வெயில் சாயும்வரை இரண்டு ஓடுகளும் அசையவில்லை. அணிலுக்கு அழுகை வந்தது.

"ஆமையண்ணே, தப்பு எம்மேலதான். வீட்டுல கொண்டுபோய் விட்டுரட்டுமா?"

"சத்தம் போடாத தாயி," என்றது ஆமை உள்ளிருந்தபடியே. "அவங்க மூச்சு விடுறது கேக்குது. பக்கத்துல இன்னொரு மூச்சைக் கேட்டு எத்தனை மழைக்காலம் ஆச்சு!"

நத்தையின் ஓட்டுக்குள்ளிருந்து மெல்லிய குரல் வந்தது. "அக்கா, நாளைக்கும் வருவாரான்னு கேளுங்களேன்."