சத்தமில்லாத ரீல்

"மீனுக்குச் சத்தம் கேக்கக் கூடாதுன்னு சொல்லுதீங்களா, மொதலாளி?"

"மீனுக்கில்லீங்க அண்ணாச்சி. எங்க ஊட்டுக்காரிக்கு."

தூண்டில் கடை இசக்கிமுத்து, கையிலிருந்த டீ சிந்தும்படி சிரித்தார். தூத்துக்குடிக் கடற்கரையில் பிறந்து, திருப்பூருக்கு வந்து தூண்டில் விற்கிறவர். எத்தனையோ ஆட்களைப் பார்த்திருக்கிறார். நெற்றி நிறைய விபூதியோடு, தூண்டில் நரம்பு சுற்றுகிற ரீல் வாங்க வந்த பனியன் கம்பெனி முதலாளியை இப்போதுதான் பார்க்கிறார்.

கந்தவேல் சிரிக்கவில்லை. அவர் பாடு அவருக்கு. பரம்பரையாக முருகனைக் கும்பிடுகிற குடும்பம். கவுச்சி அவர்கள் வாசலைத் தாண்டியதில்லை. மனைவி சாரதாமணியோ அதிலும் ஒரு படி மேல். மீன் கடைப் பக்கம் இவர் வண்டியை நிறுத்தினார் என்று தெரிந்தாலே போதும், தலைக்குக் குளித்துவிட்டுத்தான் உள்ளே வர வேண்டும். அப்படிப்பட்ட வீட்டுக் கந்தவேலைப் போன மாதம் பனியன் ஆர்டர் கொடுக்க வந்த வெள்ளைக்காரர் ஒருவர் பல்லடம் பக்கத்துப் பண்ணைக் குட்டைக்கு அழைத்துப் போய், தூண்டிலைக் கையில் கொடுத்துத் தொலைத்துவிட்டார். மீன் ஒரு இழு இழுத்தது பாருங்கள், அன்றிலிருந்து மனிதருக்குத் தூக்கம் போச்சு.

"நான் திங்கறதுக்குப் பிடிக்கலீங்க. பிடிச்சு விட்டுடுவேன். அந்த இழுப்பு மட்டும் போதுமுங்க," என்றார்.

"உங்கள மாதிரியே இன்னொரு ஆளும் நம்ம கடைக்கு உண்டு," என்றபடி இசக்கிமுத்து ரீல்களைக் கண்ணாடி மேசைமேல் எடுத்து வைத்தார். "இது மூடி போட்டது. பட்டனை அமுக்கி வீசினா போதும், சின்னப் பிள்ளையும் வீசும். ஆனா நரம்பு கொஞ்சந்தான் பிடிக்கும். பெரிய மீனு வந்தா தாங்காது."

"பெரிய மீன் வரோணுமுங்க. அடுத்தது?"

"இது கம்புக்கு மேல உக்காருத ரீலு. நல்ல பலம். நெனச்ச எடத்துல போய் விழும். ஆனா வீசும்போது உருளையும் சேந்து சுத்தும், பெருவிரலால பதமாப் பிடிக்கணும். விட்டீங்கன்னா நரம்பு மொத்தமும் சிக்கு."

"சிக்கா! கம்பெனியில நூல் சிக்குனாவே எனக்குப் பிரஷர் ஏறிருமுங்க. ஞாயித்துக்கிழமையும் அதே பொழப்பா?"

கந்தவேலின் கை அடுத்திருந்த ஸ்பின்னிங் ரீலுக்குப் போனது. இசக்கிமுத்து அதன் கம்பியைத் திறந்துவிட, நரம்பின் நுனியைப் பிடித்து இழுத்துப் பார்த்தார். உருளை அசையவில்லை, நரம்பு மட்டும் முன்பக்கமாகக் கழன்று கழன்று வந்தது. அவர் முகம் மலர்ந்துவிட்டது.

"அட, நிட்டிங் மெஷினுக்குக் கோன்ல இருந்து நூல் வர்றாப்லயே வருதுங்க!"

"அதான் சிக்கு கம்மி. புதுசாப் பழகுதவங்களுக்கு இதான் தோது," என்று இசக்கிமுத்து கைப்பிடியைச் சுற்றினார். கடகடவென்று சத்தம் வந்தது.

"ஐயோ, இது ஆகாதுங்க!" கந்தவேல் பதறினார். "தெனமும் வெளக்கு வெக்கற நேரத்துல அவ மொட்டை மாடியில தனியா சாமி கும்பிடுவா. ஒரு ஈ காக்கா மேல போகக் கூடாது. அந்த அரை மணி நேரந்தான் நான் கீழ சுத்திப் பழகோணும். சத்தங்கேட்டு எறங்கி வந்தான்னா, அப்புறம் எனக்குக் கோடவுன்லதான் படுக்கை."

"இன்னைக்கு மட்டும் எப்படி வந்தீங்க?"

"இன்னிக்குக் கிருத்திகைங்க. மாசாமாசம் விரதத்துக்கு உடுமலைப் பக்கம் அவங்கம்மா ஊட்டுக்குப் போயிருவா."

இசக்கிமுத்து உள்ளே போய், அதே ஜாதியில் விலை கூடிய ஒன்றைக் கொண்டுவந்தார். கந்தவேல் சுற்றினார், காதருகே வைத்துச் சுற்றினார். ரோட்டில் போன பஸ்களின் ஹாரனில் ஒன்றும் தெரியவில்லை.

"ஊட்டுக்குள்ள கேக்குமா கேக்காதான்னு எப்படிங்க தெரியறது?"

"நான் சொன்னா யாவாரத்துக்குச் சொல்லுதேன்னு நெனப்பீங்க. பிடிச்ச மீனை விட்டுருத ஆளுன்னு சொன்னேம்லா, அவங்க வச்சிருக்கது இதே ரீலுதான். அமராவதி ஆத்துல அவங்கள அடிச்சுக்க ஆளு கிடையாது. அவங்களையே கேட்டுருவோம்."

செல்போனில் எண்ணை அழுத்தி, ஸ்பீக்கரில் போட்டு மேசைமேல் வைத்தார். மறுமுனையில் தண்ணீர் சலசலத்தது.

"வணக்கம். இங்க ஒரு மொதலாளி சத்தமில்லாத ரீலு கேக்காரு. நீங்க வாங்குனதையே குடுக்கலாமா?"

"யோசிக்காம வாங்கச் சொல்லுங்க அண்ணாச்சி!" உற்சாகமாக வந்தது ஒரு பெண் குரல். "சாமி கும்பிடறேன்னு மொட்டை மாடிக்குப் போயி ரெண்டு வருசமா அதுலதான் சுத்திப் பழகறேன். கீழயே இருக்கற எங்க ஊட்டுக்காரருக்கு இன்னிவரைக்கும் ஒண்ணுமே கேட்டதில்லீங்க!"

கந்தவேல் கையிலிருந்த ரீல் தானாக ஒரு சுற்றுச் சுற்றி நின்றது. உண்மையாகவே சத்தமில்லை.

அந்தக் குரலுக்குத்தான் அவர் இருபது வருடத்துக்கு முன்னால் தாலி கட்டியிருந்தார்.