சஹனின் இரு பக்கங்கள்

உணவுத் தட்டை அளப்பவரிடமிருந்து ஐந்தடி தூரத்தில் வைக்க வேண்டும் என்று ஆஸ்பத்திரிப் படிவம் சொன்னது. றஹீமா அதை அளக்க வந்த மங்கையற்கரசியின் முழங்காலுக்கு முன்னால் வைத்தாள்.

அது சஹன், நான்கு பேர் சுற்றியிருந்து ஒன்றாகக் கை வைத்து உண்ணும் அகன்ற தட்டம். நடுவே சோறு குவிந்திருந்தது. ஓரங்களில் பருப்பும் கத்தரிக்காய்ப் பிரட்டலும்.

"பிள்ளை தனியத் திண்டா எப்பிடி மிஸ்? வந்த ஆளும் கூட இருக்கணும்."

எதிரே பாயில் றஹீமாவின் மகள் றிப்கா இருந்தாள். வயது பத்தொன்பது; நிறை முப்பத்துநான்கு கிலோ. தொண்ணூறாம் ஆண்டு இந்தக் கரையிலிருந்து துரத்தப்பட்ட முஸ்லிம் குடும்பம். புத்தளத்து அகதி முகாமில் பிறந்தவள். இருபது வருடம் கழித்து முசலிக் கரையில் மீளக்குடியேறிய மாதத்திலிருந்து சோற்றைக் கண்டால் ஒதுங்குகிறாள்.

ஏன் ஒதுங்குகிறாள் என்று கேட்பதற்கு வைத்தியர் இருந்தார். எவ்வளவு ஒதுங்குகிறாள் என்று அளப்பதற்கே மங்கையற்கரசியை அனுப்பியிருந்தார்கள்.

அளவுகோலில் குழப்பத்துக்கு இடமில்லை. உணவு இருக்கும் அறைக்குள் வராவிட்டால் பூச்சியம். வந்து பார்த்தால் ஒன்று. அருகில் உட்கார்ந்தால் இரண்டு. தொட்டுப் பிசைந்து உண்ணாமல் விட்டால் மூன்று. ஒரு கவளமாவது விழுங்கினால் நான்கு.

நான்குக்குக் குறைந்தால் வெளிமாவட்ட ஆஸ்பத்திரியில் மூன்று மாதம். அது றிப்காவுக்கும் தெரியும்.

"அளப்பவர் உணவில் பங்குகொள்ளலாகாது" என்ற அடிக்குறிப்பை மங்கையற்கரசி விரலால் தொட்டுக் காட்டினாள். றஹீமா அதை எழுத்துக்கூட்டி வாசித்து முடித்தாள். பிறகு இன்னோர் அகப்பை சோறு வைத்தாள்.

"நான் மச்ச மாமிசம் சாப்பிடுறேல்லை," என்றாள் மங்கையற்கரசி.

"மச்சம் ஒண்டும் இல்ல மிஸ். சட்டியும் புதுசு. எங்கட சட்டி உங்கட ஆக்களுக்குச் சரிவராதெண்டு நேத்தே வாங்கி வச்சன்."

இதைக் கோபமாகச் சொல்லியிருந்தால் எழுந்து போயிருக்கலாம். சாதாரணமாகச் சொன்னாள். தமிழரும் முஸ்லிம்களும் ஒருவர் வீட்டில் மற்றவர் கடைசியாக உண்டு இருபது வருடமான கரை அது. அளக்க வந்தவள் கை நனைக்காமல் போனாள் என்ற செய்தி பொழுது படுவதற்குள் பக்கத்து அரிப்புக் கிராமத்தைத் தாண்டிவிடும்.

மங்கையற்கரசி கை கழுவினாள்.

றஹீமா நிம்மதியோடு தேத்தண்ணி வைக்கப் போனாள்.

றிப்கா சோற்றைப் பருப்போடு பிசைந்தாள், உருட்டினாள், உருட்டியதை உதிர்த்தாள். மங்கையற்கரசி இடக்கையால் படிவத்தில் மூன்று என்று குறித்தாள்.

பத்து நிமிடத்தில் நடுவிலிருந்த குவியல் மெல்லத் தாழ்ந்து பரந்தது. தூரத்திலிருந்து பார்ப்பவருக்குப் பாதி தீர்ந்தது போலத் தோன்றும்.

"மிஸ்," என்றாள் றிப்கா, குசினியில் நின்ற தாய்க்குக் கேட்காத குரலில். "உங்கட பக்கத்துச் சோத்த எண்ட பக்கம் தள்ளாதீங்க."

மங்கையற்கரசியின் விரல்கள் நின்றன.

"கத்தரிக்காய்க்குக் கீழ ஒளிக்கிறதும் சரிவராது. உம்மா கிளறிப் பார்ப்பா."

ஒரே தொழிலில் இருக்கும் இருவர் பேசிக்கொள்வது போலத்தான் அவள் சொன்னாள்.

சொந்த ஊரான நறுவிலிக்குளத்தில் மங்கையற்கரசியின் சகோதரிகளே அவளை ஆசாரக்காரி என்பார்கள். கலியாண வீடு, செத்த வீடு, வேலை செய்யும் கந்தோரின் விருந்து, எங்கும் அவள் கை நனைத்ததில்லை. விரதக்காரி என்றார்கள், சாதித் திமிர் என்றார்கள். எதையும் அவள் மறுத்ததில்லை. மறுத்தால், பிறகு ஏன் என்று கேட்பார்கள்.

"இப்பிடி எத்தின வருசம் மிஸ்?" என்றாள் றிப்கா.

"நீ பிறக்க முதல்."

றஹீமா தேத்தண்ணியோடு வந்தாள். சஹனைப் பார்த்ததும் அவள் முகம் மலர்ந்தது.

"ரெண்டு பேரும் நல்லாத் திண்டிருக்கீங்க. கூடுதலாப் புள்ளி போடுங்க மிஸ்."

மூன்றை நான்காக்க ஒரு கீறல் போதும். றிப்கா வீட்டிலேயே இருந்துவிடுவாள். முஸ்லிம் வீட்டில் சஹனில் உண்டவள் என்ற நல்ல பெயர் மங்கையற்கரசிக்கு வரும். மூன்று பெண்களும் மகிழ்வார்கள். றிப்காவின் பார்வை படிவத்தை விட்டு நகரவில்லை.

மங்கையற்கரசி மூன்றைத் திருத்தவில்லை. தாளைப் புரட்டினாள்.

"இவவை ஆஸ்பத்திரிக்கு விடத்தான் வேணும்," என்றாள்.

றஹீமா கோப்பைகளை நிலத்தில் வைத்தாள்.

"நான் கூடப் போய் நிண்டா, சின்னதுகள் ரெண்டையும் ஆரு பார்க்கிற?"

படிவத்தின் பின்பக்கத்தில் "நோயாளியோடு தங்குபவர்" என்று ஒரு வரி வெறுமையாக இருந்தது. மங்கையற்கரசி அதில் தன் பெயரை முழுமையாக எழுதினாள்.

"மூண்டு மாசமுமா?" றஹீமாவின் கண்கள் நிறைந்தன. "சொந்தக்காரரும் செய்யமாட்டாங்க மிஸ். அங்க கட்டில் நோயாளிக்கு மட்டுந்தானாம், துணைக்கு நிக்கிற ஆக்கள் நிலத்திலதான் படுக்கணுமாம்."

றிப்கா எட்டி அந்தப் பெயரை வாசித்தாள். அழுவாள் என்றுதான் மங்கையற்கரசி எதிர்பார்த்தாள்.

"ரெண்டு கட்டிலாக் கேளுங்க மிஸ்," என்றாள் றிப்கா.