ரெண்டாம் கயிறு

கால் கிணற்றின் தரையைத் தொட்டதும் கையை நீட்டினான். தண்ணீர் இடுப்பளவுதான். கை ஒரு தோளில் பட்டது.

கழுத்தில் விரல் வைத்தான். எடுத்தான். மறுபடி வைத்தான்.

ஒன்றுமில்லை.

மூக்கருகே காதைக் கொண்டுபோனான். இமையைத் தூக்கிப் பார்த்தான். பதினோரு வருஷ வேலையில் யாருக்கும் அவன் இத்தனை நேரம் பார்த்ததில்லை.

பக்கத்துத் திட்டில் நின்று வெள்ளாடு கத்தியது. அதற்கு ஒரு கீறல் கிடையாது. சனியன் பிடித்த ஆடு.

இனி மேலே பார்த்துக் குரல் கொடுக்க வேண்டும்.

அந்தச் சின்ன ஊர்த் தீயணைப்பு நிலையத்தில் அதற்கொரு வழக்கம் உண்டு. கிணற்றில் விழுந்தவருக்கு உயிர் இருந்தால், இறங்கியவன் "வலை" என்று கத்துவான். மேலே உள்ளவர்கள் ஓடுவார்கள். உயிர் இல்லையென்றால் "ரெண்டாம் கயிறு". முதல் கயிறு, இறங்கியவன் இடுப்பில் இருப்பது; ரெண்டாவது, உடலைக் கட்டித் தூக்க. அப்போது மேலே யாரும் ஓட மாட்டார்கள். ஒருவர் மட்டும் மெல்லப் போய் வீட்டு ஆட்களைத் தள்ளிக் கூட்டிப்போவார். பெற்றவளும் கட்டியவளும் அந்தச் சேதியைக் கிணற்றுக்குள்ளிருந்து வரும் கூப்பாட்டில் கேட்கக் கூடாது. அதற்காகத்தான்.

ஊரில் யாருக்கும் இது தெரியாது.

இசக்கிக்குத் தெரியும்.

அவள் மேலேதான் நிற்கிறாள். கீழே கிடப்பது அவள் புருஷன் சுடலைமணி. அதே நிலையத்தில் வேலை. இன்றைக்கு விடுப்பு.

வண்டி வரட்டும் என்று இருந்திருக்கலாம். நிலையத்தில் இருப்பது ஒரே வண்டி. வந்துசேர அரைமணி நேரம் ஆகும். அது சுடலைமணிக்குத் தெரியாததா? உள்ளே விழுந்துவிட்ட ஆட்டுக்காக, அதுவும் அடுத்தவன் ஆட்டுக்காக, படியில் இறங்கினான். பாதியில் ஒரு கல் பெயர்ந்தது. பின்மண்டை பாறையில்.

நிலையத்துக்குப் போன் செய்தவன் பேர் சொல்லவில்லை. ஆட்டை எடுக்க இறங்கின ஆள் விழுந்துவிட்டார் என்று மட்டும் சொன்னான். வண்டியைவிட்டுக் குதித்து, கிணற்றோரம் இசக்கியைப் பார்த்த பிறகுதான் எல்லாருக்கும் விளங்கியது.

அவள் அழவில்லை. இறங்குகிறவன் இடுப்பில் கட்டி முடிக்கும்வரை கயிற்றையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

வழக்கத்தை அவளிடம் சொன்னதே இப்போது கிணற்றுக்குள் நிற்கும் இவன்தான். போன தீபாவளிக்கு அவர்கள் வீட்டில் கறிச்சோறு தின்றுகொண்டு, வாய்க்கொழுப்பில் உளறினான். "இதெல்லாம் வீட்டுல வச்சுப் பேசுற பேச்சாடே?" என்று சுடலைமணி திட்டினான். அவள் சிரித்துக்கொண்டே இன்னொரு கரண்டி குழம்பு ஊற்றினாள்.

அந்த நாக்கைப் பிடுங்கிப் போடலாம் போலிருந்தது.

இடுப்புக் கயிறு ஒருமுறை அசைந்தது. மேலே பிடித்திருக்கும் டிரைவர் தங்கப்பழம் இழுக்கிறார். என்ன ஆச்சு என்று கேட்கிறார்.

சொல்லத்தான் வேண்டும். சொன்னால் தங்கப்பழத்துக்கு முன்னால் அவளுக்குப் புரிந்துவிடும்.

சுடலைமணியின் தலையைத் தண்ணீர் படாமல் தன் தோளில் சாய்த்துக்கொண்டான்.

"வலை!"

மேலே நிலையத்து ஆட்கள் ஓட, ஊரே கூச்சல் போட்டது. யாரோ சாமி பேரைச் சொல்லிக் கும்பிட்டார்கள். பின்னாலேயே வந்து நின்ற ஆம்புலன்ஸின் கதவு திறக்கும் சத்தம். ஆட்கள் அங்குமிங்கும் ஓடினார்கள்.

ஐந்து நிமிஷம். இன்னும் ஐந்து நிமிஷம் அவள் பொண்டாட்டியாக இருந்துவிட்டுப் போகட்டும். அதற்குமேல் அவன் யோசிக்கவில்லை.

வலை வரவில்லை.

கூச்சல் கொஞ்சம் கொஞ்சமாக அடங்கியது. ஆடு மட்டும் கத்திக்கொண்டிருந்தது.

பிறகு இசக்கியின் குரல் வந்தது. நிதானமாக, வீட்டு வாசலில் நின்று பேசுவதுபோல.

"உசுரு இருந்தா இம்புட்டு நேரம் யோசிச்சுக் கத்த மாட்டீங்கண்ணே. ரெண்டாம் கயிறுதான் வருது. மொதல்ல அவுகள அனுப்புங்க. பொறவு வலைய ஆட்டுக்கு விடச் சொல்லுதேன்."

அவன் வாய்விட்டு அழுதான். கிணறு அதைப் பெரிதாக்கி மேலே அனுப்பியது.

கயிறு மெல்ல இறங்கி வந்து அவன் முகத்துக்கு நேரே நின்றது.

நெஞ்சைச் சுற்றிக் கட்டும் இடத்தில் துணி இருந்தது. பச்சைத் துணி. அவள் கட்டியிருந்த சேலையில் கிழித்தது.

அக்குளில் அறுத்துவிடாமல் இருக்க, மூன்று சுற்று சுற்றியிருந்தாள்.