என் முன்னிலையில்

"ஒரு வரி விடாம சத்தமா படிச்சுக் காட்டுங்க சார். அப்புறம் சீல் வைங்க."

வேலைக்குச் சேர்ந்த அன்றே நோட்டரி உத்தமன் சார் எனக்குப் போட்ட சட்டம் இரண்டு. படிக்கச் சொல்லாதே. ஆள் எங்கே என்று கேட்காதே.

பதினோரு மாதம் வாயைத் திறக்கவில்லை. இன்று திறந்துவிட்டேன்.

சார் தூக்கிய சீல் அந்தரத்தில் நின்றது. பூந்தமல்லியில், ஜெராக்ஸ் கடைக்கும் டீக்கடைக்கும் நடுவே ஒற்றை ஷட்டர் ஆபீஸ்.

எதிர் நாற்காலியில் பிரசன்னா. ஜெர்மனியில் வேலை, பத்து நாள் லீவு. கொரட்டூர் வீட்டை விற்கத் தன் அம்மாவுக்குச் சம்மதம் என்று பத்திரத்தை அடித்தே கொண்டுவந்திருந்தார். அம்மாவைக் கொண்டுவரவில்லை.

எல்லாம் அவர் பேச்சால் வந்தது.

"அங்கல்லாம் இப்படி முடியாது சார். நோட்டரின்னா ஜட்ஜ் மாதிரி. பத்திரம் முழுக்க அவரே வாய்விட்டுப் படிப்பாரு, நாம எதிர்ல உக்காந்து கேக்கணும். புரியலன்னா நிறுத்திடுவாரு. எனக்கு ஒரு மணி நேரம் போச்சு. நம்மூர்ல அஞ்சு நிமிஷம்."

"அவன் படிக்கிறான். நான் நம்புறேன்" என்றார் சார்.

இருவரும் சிரித்தார்கள்.

நான் ஷட்டருக்கு வெளியே பார்த்தேன். எதிரில் வேப்பமரத்தடியில் முனியம்மா. ஒரு மாதமாக அங்கேதான்.

அவள் கையில் ஒரு ஜெராக்ஸ். பாரிவாக்கத்து வீட்டைக் காலி செய்ய முனியம்மாவுக்குச் சம்மதமாம். கீழே ஒரு கைரேகை. அதற்கும் கீழே, "என் முன்னிலையில்" என்று சாரின் சீல்.

இந்த ஷட்டருக்குள் அவள் கால் வைத்ததே இல்லை.

இன்று மதியம் கோர்ட்டில் வாய்தா. அந்த ரேகை யாருடையது என்று சொல்ல ஆளில்லாவிட்டால், வீடு போய்விடும்.

ஜெராக்ஸில் உள்ள ரேகையைக் காட்டி, போகிறவர் வருகிறவர் கையையெல்லாம் பிடித்து இழுப்பாள். "குறுக்கால ஒரு கோடு கீது பாரு நைனா. உன்னுதுல கீதா?"

"இன்னாக்கா, ஜோசியமா?" என்பார் டீக்கடைக்காரர்.

என்னிடம் மட்டும் அவள் கேட்டதில்லை. என் இடது கட்டைவிரலில் பேண்டேஜ். வெங்காயம் நறுக்கும்போது பட்டதாக முதல் நாளே சொல்லிவிட்டேன். "மஞ்சா வை கண்ணு, சீழ் புடிச்சிக்கப் போவுது" என்று மட்டும் சொன்னாள்.

அன்றிலிருந்து கீபோர்டில் கட்டைவிரல் பட்டாலே அவள் குரல். ஒவ்வொரு வார்த்தைக்கும் அடுத்த வார்த்தைக்கும் நடுவில். உன்னுதுல கீதா? உன்னுதுல கீதா?

சார் சீலைக் கீழே வைத்தார்.

"யுவராணி, பி.காம்னு கொழுப்பா? உங்கம்மா கைநாட்டுதானே. அவங்களுக்கு எவன் படிச்சுக் காட்டுனான்?"

"எவனும் காட்டல சார். அதான் கேக்கறேன்."

அவர் படிக்கவில்லை. பத்திரத்தைப் பிடுங்கி நானே படித்தேன்.

"கண்ணம்மா ஆகிய நான், எவருடைய தூண்டுதலும் இன்றி, முழு மனதுடன், நோட்டரி முன்பாக நேரில் ஆஜராகி..."

பிரசன்னா போனை எடுத்துப் பார்க்க ஆரம்பித்தார்.

கடைசி வரிக்கு வந்தேன். "இடது பெருவிரல் ரேகை." அதற்கு மேலே வெள்ளையாகக் கிடந்தது.

சார் மை டப்பாவைத் திறந்து, எப்போதும் போல என் பக்கம் தள்ளினார்.

"ஒரு மாசம் ஆச்சேம்மா. இன்னேரம் ஆறியிருக்குமே."

பேண்டேஜைப் பிரித்தேன்.

உள்ளே காயம் எதுவும் இல்லை. அஞ்சாம் வகுப்பில் பென்சில் சீவும்போது பிளேடு கிழித்த பழைய கோடுதான், குறுக்கே.

எங்கள் வீட்டில் முதன்முதலாகப் பென்சில் பிடித்த கை.

மையைத் தொடவில்லை. பேண்டேஜை டப்பாவுக்குள் போட்டு மூடினேன்.

"எங்க போற?" என்றார் சார். குரல் மாறியிருந்தது.

செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கினேன். நல்ல வெயில். வேப்பமரத்தடியில் முனியம்மா தலையைத் தூக்கினாள்.

கட்டைவிரலை நீட்டியபடியே ரோட்டைத் தாண்டினேன்.