பொய் சொன்ன பாட்டில்

கிட்ட வாருங்கள் கண்ணுகளா, இன்னும் கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள். ஒரு பாட்டில் பொய் சொன்ன கதையைச் சொல்கிறேன்.

"நாம சந்தேகப்பட்டது சரிதான். இந்தத் தெருத் தண்ணியில ஈயம் இருக்கு" என்றார் பேராசிரியை. ஆதாரம் கிடைத்துவிட்டதே என்று கூடமே கை தட்டியது. மடியில் கைக்குழந்தை உறங்க, தையல்கார அக்காவுக்கு மட்டும் அந்தக் கைதட்டல் கன்னத்தில் விழுவதுபோல் இருந்தது.

பேராசிரியையும் தெருக்காரர்களும் சேர்ந்து செய்த ஆராய்ச்சி அது. அவரவர் வீட்டுக் குழாய்த் தண்ணீரை அவரவரே பாட்டிலில் பிடித்துக் கொடுத்திருந்தார்கள். பழைய குழாயை மாற்றச் சொல்லி, நாளை நகராட்சியில் முடிவைக் கொடுக்கப்போகிறார்கள்.

கடைசி வரிசையிலிருந்து கேன் தண்ணீர் விற்பவர் மெல்ல எழுந்தார்.

"என்ன கேன்காரரே, குழாயில தண்ணி வர்ற நேரமானா உமக்கு இருப்பே கொள்ளாதே!" என்று யாரோ கிண்டலடித்தார்கள். அவர் அசடு வழிந்துகொண்டே உட்கார்ந்தார்.

சிரிப்பு அடங்குவதற்குள் தையல்கார அக்கா எழுந்துவிட்டாள்.

"மேடம், என் பாட்டிலை மட்டும் கணக்குல சேர்க்காதீங்க."

"ஏம்மா?"

"நீங்களே வீடு தேடி வந்து கேட்டீங்க. அந்தக் கலங்கல் தண்ணிய உங்க கையில கொடுக்க வெட்கமாப் போச்சு. கேன் தண்ணிய ஊத்திக் கொடுத்துட்டேன். என் ஒருத்தி பொய்யால எல்லார் உழைப்பும் வீணாயிடக் கூடாது."

"அடிப்பாவி, காரியத்தையே கெடுத்தியேடி!" என்றாள் பக்கத்து வீட்டுக்காரி. தையல்கார அக்கா தலை நிமிரவே இல்லை.

பேராசிரியை கையிலிருந்த தாளைப் பார்த்தார். மறுபடியும் பார்த்தார்.

"உங்க பாட்டில்லயும் ஈயம் இருக்கேம்மா."

"இருக்காது மேடம், எங்கயோ மாறிப்போயிருக்கும். குழாய்த் தண்ணி ஆகாதுன்னுதானே கேன் வாங்குறேன்? என் பிள்ளைக்குப் பால் கரைக்கிறதே அதுலதான்!"

எல்லாத் தலையும் பின்வரிசைப் பக்கம் திரும்பியது.

கேன்காரர் யாரையும் பார்க்கவில்லை. அக்காவின் பையில் செருகியிருந்த அந்தக் குழந்தையின் பால் புட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"தண்ணி சுத்தம் பண்ற மெஷின் கெட்டு ரொம்ப நாளாச்சுக்கா... நானும் நம்ம தெருக் குழாயிலதான் பிடிச்சு, துணியில வடிகட்டி ஊத்துறேன்."

உங்கள் வீட்டுப் பிள்ளைகள் குடிக்கும் ஒவ்வொரு சொட்டும் நல்ல தண்ணீராகவே இருக்கட்டும், கண்ணுகளா.