எதையும் நசுக்காமல்

ஆஸ்பத்திரிக்குக் கிளம்ப இரண்டு மணி நேரம் இருக்கும்போது, கணவரை எலுமிச்சம்பழம் வாங்கி வரச் சொன்னாள் செண்பகவல்லி. தனுஷ்கோடி நாலு பழத்தோடு வந்து நின்றார்.

“கார் சக்கரத்துக்கு அடியில வைக்க நாலு போதும்ல?”

“நாப்பது வேணும். திரும்பப் போங்க.”

பட்டுப்புடவைகளை மகளுக்கும் மருமகளுக்கும் பிரித்துக் கொடுத்தாயிற்று. பீரோ சாவி கைமாறிவிட்டது. நெஞ்சைத் திறந்து தைக்கப் போகிறவர்கள் நீட்டிய தாளில் கையெழுத்தும் போட்டாயிற்று. இப்போது நாற்காலியில் உட்கார்ந்து, மூச்சு வாங்க வாங்க, ஒவ்வொரு பழத்தையும் நாலாகப் பிளந்து கல்லுப்பை அடைத்து ஜாடிக்குள் போட்டாள். ஜாடியின் வாயை வெள்ளைத் துணியால் இறுகக் கட்டினாள்.

“தினம் காலையில ஒரு தடவை குலுக்கி வைங்க. மறந்தா பூசணம் பூத்துரும். பதினஞ்சு நாள்ல தாளிச்சிரலாம்.”

“உனக்கு இனி உப்பே ஆகாதுன்னு டாக்டர் சொல்லியிருக்காரு. யாரு திங்க இத்தனை?”

“திங்க யாரு வேணா வரட்டும். தாளிக்க நான்தான் வருவேன்.”

வாசலில் கார் வந்து நின்றதும் அவர் முதலில் வாங்கிய நாலு பழத்தைத் தேடினார். அவற்றையும் சேர்த்தே நறுக்கிப் போட்டிருந்தாள். கார் எதையும் நசுக்காமல் கிளம்பியது.